பிறமொழிக் கல்வியும் நம் பிள்ளைகளும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகின்றோம்.

 

ஆண்டுதோறும் இக்கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில், உதவித்தொகை பெற்ற மாணவர்களின் எண்ணிக்கையையும் செலவுக் கணக்கையும் படித்துவிட்டு அமர்ந்துவிடுவது எமது வழக்கம். அவ்விவரங்கள் இம்மலரின் கணக்குப் பகுதியில் தனியே தரப்பட்டுள்ளன. இவ்வாண்டு, கல்லூரிகளில் பிறநாட்டு மொழிகளையும் அம்மொழி பேசும் மக்களின் பண்பாட்டையும் கற்பது குறித்துத் தங்கள் முன் சில செய்திகளை வைக்க விரும்புகின்றோம். இதனைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. எமது குழு செய்த தவறு ஒன்றே அக்காரணம்.

எமது குழுவின் தவறு

கடந்த ஆண்டு ஜூன் மாதம், சந்தையில் சிறுவியாபாரம் செய்துவரும் ஒரு தகப்பனார் எம்மிடம் வந்தார். அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தார். திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் அரபு இளங்கலைப் படிப்பில் இடமும் கிடைத்திருந்தது. கல்லூரிக் கட்டணம் பெரிதன்று. விடுதிச் செலவுக்குத்தான் அவர் உதவி கேட்டார். நாம் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினோம். 'தொழிற்கல்வி பயில்வோருக்கு மட்டும்' என்று அதில் எழுதப்பட்டிருந்தது. பொறியியல், மருத்துவம், செவிலியர் பயிற்சி ஆகியவற்றுக்கு வழங்கி வந்த நிதியை மொழிப் படிப்புக்கு எவ்வாறு வழங்குவது? "அரபு படிக்க ஓதுபள்ளி போதாதா? காலேஜில் போய் அரபு படித்து என்ன செய்யப் போகிறாள்?" என்று எம்மில் ஒருவர் கேட்டும்விட்டார்.

அத்தகப்பனார் எதிர்வாதம் செய்யவில்லை. "மோளுக்கு அதுலதான் ஆசை. பரவாயில்ல, வேற பாத்துக்கிடுதேன்" என்று கூறிச் சென்றார். அம்மாணவி இன்று பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வணிகவியல் படிக்கிறார், நன்றாகவே படிக்கிறார். ஆயினும் அவருடைய விண்ணப்பத்தை நிராகரித்த தாளில் எமது கையெழுத்து இருக்கிறது.

ஒரு கையெழுத்தின் விலை

இச்செய்தி மஹல்லாவில் பரவிய பின்னர், சவூதி அரேபியாவிலிருந்து திரும்பிய சகோதரர் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். "அந்தப் பிள்ளைக்கு நீங்கள் கொடுத்திருக்க வேண்டும்" என்று தொடங்கித் தம் கதையைக் கூறினார். அவருடைய பெயரையும் அவர் பணிபுரிந்த இடத்தையும் இங்கு குறிப்பிடவில்லை.

அவர் அங்கு ஒரு பகாலாவில் பதினோர் ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஊர் திரும்பும் நாளில் முதலாளியின் கணக்கர் அரபியில் அச்சிட்ட ஒரு தாளை நீட்டினார். நம் சகோதரர் சிறு வயதிலேயே திருக்குர்ஆனை ஓதி முடித்தவர். இன்றும் அழகுற ஓதுபவர். அந்தத் தாளிலிருந்த எழுத்துகள் அனைத்தையும் அவரால் இனங்காண முடிந்தது. ஆனால் நாம் ஓதும் குர்ஆன் பிரதிகளில் உள்ள ஃபத்ஹு, கஸ்ரு, ளம்மு ஆகிய உயிர்க்குறிகள் அத்தாளில் இல்லை. அலுவலகத் தாள்களிலும் நாளிதழ்களிலும் பெரும்பாலும் அவற்றை இடுவதில்லை. எனவே எழுத்துகளைச் சொற்களாகச் சேர்க்கத் தடுமாறினார். சேர்த்த சொற்களுக்கும் பொருள் விளங்கவில்லை. பயணச்சீட்டு கையில் இருந்தது. விமானத்துக்கு நேரமாகிக் கொண்டிருந்தது. கையெழுத்திட்டுவிட்டார்.

'எனக்குச் சேர வேண்டிய தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டேன். இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்' என்பதே அத்தாளின் பொருள் என்பதை ஊருக்கு வந்த பின்னரே ஓர் ஆலிம் வாயிலாக அவர் அறிந்துகொண்டார்.

அவர் இழந்தது எவ்வளவு? சவூதி அரேபியாவின் 2005-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பணி முடிந்து செல்பவருக்கு முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு அரை மாத ஊதியமும், அதன் பின்னர் ஆண்டொன்றுக்கு ஒரு மாத ஊதியமும் பணிக்கொடையாக வழங்கப்பட வேண்டும். பதினோர் ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் எட்டரை மாத ஊதியம். ஒரு குமர் காரியத்துக்கு ஆகியிருக்கக்கூடிய தொகை ஒரு கையெழுத்தில் போயிற்று.

மற்றொன்றையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். அதே சட்டத்தின் 9-ஆவது பிரிவு, பணி ஒப்பந்தங்கள் அரபியில் இருக்க வேண்டும் என்றும், வேறொரு மொழியிலும் எழுதப்பட்டிருந்தால் அரபு வாசகமே செல்லும் என்றும் கூறுகிறது. குவைத் நாட்டின் 2010-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும் அவ்வாறே. ஆங்கிலப் படியைப் படித்துப் பார்த்துவிட்டோம் என்று நாம் ஆறுதல் கொள்வதில் பயனில்லை. வழக்கு என்று வந்தால் நமக்குப் புரியாத வாசகமே தீர்ப்பை முடிவு செய்யும்.

வளைகுடாவுக்குப் போகாத வீடு நம் மஹல்லாவில் எத்தனை? ஐந்து வயதில் அலிஃப், பே தொடங்கும் நம் பிள்ளைகளுக்கு அரபு எழுத்து அந்நியமன்று. அவ்வெழுத்துக்குப் பின்னால் இருக்கும் மொழியும், அம்மொழியைப் பேசும் மக்களும்தான் நமக்கு அந்நியமாகவே இருந்து வருகின்றனர். ஓதுபள்ளி தன் கடமையைச் செய்து வருகிறது. அதற்கு மேலுள்ள கல்விக்கு நாம்தான் வழி செய்யவில்லை.

நம் மண்ணின் வழக்கம்

பிறமொழி கற்பது நம் மாவட்டத்துக்குப் புதியதன்று. தக்கலைக்கு அருகில் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையை நம்மில் பலர் பிள்ளைகளுடன் சென்று பார்த்திருப்போம். 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுச் சரணடைந்து, பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டிலனாய் 1777-இல் மறைந்து, அங்குதான் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கல்லறைக் கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். டச்சுக் கம்பெனிக்காகப் போரிட வந்தவர் ஒருவர், இந்த மண்ணிலேயே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து, இந்த மண்ணின் மொழியைத் தம் கல்லறையிலும் கொண்டிருக்கிறார்.

ஜெர்மானியரான ரிங்கல்தௌபே பாதிரியார் 1806-இல் மயிலாடிக்கு வந்தார். வருவதற்கு முன் தரங்கம்பாடியில் தங்கித் தமிழ் கற்றார். சமயப் பணிக்காக வந்தவர் அவர். நாமோ பிழைப்புக்காகப் போகிறவர்கள். எனினும், எந்த ஊருக்குப் போகிறோமோ அந்த ஊரின் மொழியைப் போவதற்கு முன்பே கற்க வேண்டும் என்பதில் அவர் நமக்கு முன்னோடியாக இருக்கிறார்.

நம் முன்னோர்களை எடுத்துக்கொள்வோம். அரபு எழுத்தில் சில புதிய குறிகளைச் சேர்த்துத் தமிழை எழுதிய அரபுத்தமிழ், காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் கல்விக்கு ஊன்றுகோலாக இருந்தது. இடலாக்குடியில் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874-1950) சீறாப்புராணத்துக்கு உரை எழுதினார். அரபுச் சொற்கள் நிறைந்த அக்காப்பியத்துக்கு உரை எழுதத் தமிழ்ப் புலமை மட்டும் போதாது. அச்சொற்களின் பொருளும் பின்னணியும் தெரிந்திருக்க வேண்டும்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு இணையும் வரை, அரசாங்கக் காரியங்களுக்கு மலையாளம் இன்றி முடியாது. இன்றும் களியக்காவிளையிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் இரு மொழிகளையும் ஒரே மூச்சில் பேசுகிறவர்கள் உண்டு. தேங்காய்ப்பட்டணம் தந்த நாவலாசிரியர் தோப்பில் முஹம்மது மீரான் மலையாளம் படித்து வளர்ந்தவர். தமிழில் எழுதி 1997-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். 1988-இல் வெளிவந்த அவருடைய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நாவலில், ஊருக்குள் ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதை எதிர்த்து நிற்கும் ஒரு முதலாளியைக் காண்கிறோம். ஒரு காலத்தில் நம் சமுதாயத்தில் பலர் ஆங்கிலத்தை அவ்வாறு விலக்கிவைத்து, அதன் இழப்பைப் பல தலைமுறைகள் சுமந்தோம். கடந்த ஆண்டு ஒரு மாணவியின் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியபோது, நாமும் அந்த முதலாளியின் திண்ணையில்தான் அமர்ந்திருந்தோமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

மார்க்க வழிகாட்டுதலும் இதற்கு மாறானதன்று. மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பது இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்று என்பதைத் திருமறையின் 30-ஆவது அத்தியாயத்தில் ஓதுகின்றோம். மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், பிற சமூகத்தாருடனான கடிதப் போக்குவரத்துக்காக ஜைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு பணித்ததும், அவர்கள் அரை மாதத்துக்குள் அதைக் கற்றுத் தேர்ந்ததும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. வரும் கடிதத்தைப் படிக்கவும் மறுமொழி எழுதவும் தம்மவர் ஒருவர் வேண்டும் என்பதே அதன் நோக்கம். நம் சகோதரர் கையெழுத்திட்ட தாளை நினைத்துப் பார்த்தால், இதன் அருமை விளங்கும்.

கல்லூரியில் மொழி கற்பது என்பது யாது?

தமிழகக் கல்லூரிகளில் முதற்பகுதி என்று ஒரு மொழிப்பாடம் உண்டு. தமிழைத் தவிர அரபு, உருது, இந்தி, பிரெஞ்சு போன்றவற்றுள் ஒன்றை, அக்கல்லூரியில் வசதி இருப்பின், எடுத்துக்கொள்ளலாம். மாணவர்கள் பலர் பிரெஞ்சை எடுப்பது மதிப்பெண் எளிதில் கிடைக்கும் என்பதற்காகவே. தேர்வுக்கு முன் மொழிபெயர்ப்பை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுகின்றனர். இதனை மொழிக்கல்வி என்று கூற இயலாது. அந்த வகுப்பையே ஒருவர் உண்மையான தொடக்கமாகக் கொண்டால், பட்டம் பெறும்போது கையில் மற்றொரு மொழியும் இருக்கும்.

மொழி எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்பதை அளக்க இன்று உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவுகோல்கள் உள்ளன. ஐரோப்பிய மொழிகளுக்கு, ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட ஆறு நிலைகள்: ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2. ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வுக்கு 2010 முதல் ஐந்து நிலைகள். என்5 தொடக்கநிலை, என்1 மிக உயர்ந்த நிலை. சென்னையிலும் இத்தேர்வு நடைபெறுகிறது. ஜெர்மனியில் செவிலியராகப் பணியாற்ற விரும்பும் பிள்ளை பி2 நிலை வரை செல்ல வேண்டியிருக்கும். பட்டச் சான்றிதழோடு இத்தகைய நிலைச் சான்றிதழும் இருந்தால்தான் மதிப்பு.

மொழியோடு பண்பாட்டையும் சேர்த்தே கற்க வேண்டும் என்று ஏன் வலியுறுத்துகின்றோம்? சில உதாரணங்களைக் கூறுகின்றோம்.

நாம் 'மக்தப்' என்றால் பிள்ளைகள் ஓதும் இடம் என்று பொருள் கொள்கின்றோம். அரபு நாட்டில் 'மக்தப்' என்றால் அலுவலகம். 'மக்தப் அமல்' என்பது தொழிலாளர் அலுவலகம். புத்தகத்தில் 'கைஃப ஹாலுக' என்று நலம் விசாரிக்கக் கற்றவர் வளைகுடாவில் இறங்கியதும் 'ஷ்லோனக்' என்று கேட்டுத் திகைப்பார். அதையே எகிப்தியர் 'இஸ்ஸய்யக்' என்பார். எழுதும் அரபு ஒன்று, பேசும் அரபு நாட்டுக்கு நாடு வேறு. நம் செந்தமிழுக்கும் நாஞ்சில் பேச்சுக்கும் உள்ள தொலைவை எண்ணினால் இது நமக்கு எளிதில் விளங்கும். நல்ல கல்லூரி ஆசிரியர் இரண்டையும் அறிமுகப்படுத்துவார்.

அரபுகளின் வீட்டில் சிறு கோப்பையில் கஹ்வா தருவார்கள். போதும் என்பதற்குக் கோப்பையை இலேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். அது தெரியாதவருக்கு ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஜப்பானியர் முகவரி அட்டையை இரு கைகளாலும் தருவர், இரு கைகளாலும் பெறுவர். நாம் பேசும்போது அவர்கள் 'ஹாய்' என்று சொன்னால், 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்ற அளவிலேயே பலமுறை பொருள். அதை ஒப்புதல் என்று எண்ணி ஏமாந்தோர் உண்டு. ஜெர்மானியரிடத்தில் நம்மைப் போன்றே 'நீ', 'நீங்கள்' வேறுபாடு உண்டு. அறிமுகமில்லாத பெரியவரை 'நீ' என்று அழைத்தால் முகம் சுளிப்பர். இவை அகராதியில் கிடைப்பவை அல்ல. அந்நாட்டு வரலாற்றையும் இலக்கியத்தையும் வாழ்க்கை முறையையும் சேர்த்துப் படிக்கும்போதே கிடைப்பவை.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஓர் அனுகூலமும் உண்டு. ஜப்பானிய மொழியில் தமிழைப் போலவே வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வரும். வேற்றுமை உருபு போன்ற இடைச்சொற்கள் பெயருக்குப் பின்னால் வரும். மரியாதைக்கேற்ப வினை மாறும். அதன் மூவகை எழுத்துகளைக் கற்பது கடினமே. ஆனால் வாக்கிய அமைப்பு, ஆங்கிலத்தை விட நமக்கு நெருக்கமானது. அரபியிலோ, நம் அன்றாடப் பேச்சே நமக்குப் பாதிப் பாடத்தைச் சொல்லித் தந்திருக்கிறது. வக்கீல், வசூல், பாக்கி, அசல், நகல், ஜாமீன் ஆகிய சொற்களெல்லாம் அரபிலிருந்து வந்து நம் தமிழில் கலந்தவை.

எங்கே கற்கலாம்?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் அரபு, பாரசீக, உருதுத் துறை 1927-இல் தொடங்கப்பெற்றது. 1951-இல் நிறுவப்பட்ட திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியிலும் சென்னை புதுக்கல்லூரியிலும் அரபுத் துறைகள் உள்ளன. நமக்கு அருகில் பாளையங்கோட்டையில் 1971-இல் தொடங்கப்பெற்ற சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியில் அரபு கற்பிக்கப்படுகிறது. நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவனந்தபுரத்தில், கேரளப் பல்கலைக்கழகத்தில் அரபு, ஜெர்மன், ருஷ்ய மொழித் துறைகள் உள்ளன. காலையில் ரயிலேறி மாலையில் வீடு திரும்பக்கூடிய தூரம் இது.

மேலும் உயர விரும்புவோருக்கு, 1958-இல் ஆங்கிலத்துக்கான நடுவண் நிறுவனமாகத் தோன்றி 2007-இல் மத்தியப் பல்கலைக்கழகமான ஹைதராபாத் ஆங்கில மற்றும் அயல்மொழிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீகம், சீனம், ஜப்பானியம், கொரியம், பிரெஞ்சு, ஜெர்மன், ருஷ்யம், ஸ்பானியம் ஆகியவற்றில் இளங்கலைப் பட்டப்படிப்பே உண்டு. 2022 முதல் அதற்கான சேர்க்கை தேசியப் பொது நுழைவுத்தேர்வின் வழியே நடைபெறுகிறது. தனியார் கல்லூரிகளோடு ஒப்பிடுகையில் மத்தியப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் குறைவு. நம் பிள்ளைகள் இத்தேர்வுக்கு விண்ணப்பிப்பதே இல்லை; காரணம், இப்படி ஒன்று இருப்பதையே நாம் அவர்களுக்குச் சொல்லவில்லை.

பட்டப்படிப்பு முடித்துவிட்டோர், வேறு துறையில் படித்துக்கொண்டிருப்போர் ஆகியோருக்காக, சென்னையில் ஜெர்மன் மொழிக்குக் கோதே நிறுவனமும் பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸும் வகுப்புகள் நடத்துகின்றன. தமிழக அரசு 1978-இல் நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளையும் நம் இளைஞர்கள் தொடர்ந்து கவனித்துவர வேண்டும்.

ஐயங்களும் மறுமொழியும்

பெற்றோர்கள் எம்மிடம் எழுப்பிய ஐயங்களுக்கு மறுமொழி கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

மொழி படித்தால் வேலை கிடைக்குமா? உண்மையைக் கூறிவிடுகின்றோம். மொழிப் பட்டம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அனைவருக்கும் வேலை கிடைத்துவிடாது. ஆசிரியர் பணி, மொழிபெயர்ப்பு, தூதரகப் பணி, சுற்றுலா ஆகியவற்றில் இடம் உண்டு. ஆனால் நன்கு தேர்ந்தவர்களுக்கே உண்டு. மற்றவர்களுக்கு, ஒரு தொழிலோடு ஒரு மொழி என்பதே பாதுகாப்பான வழி. செவிலியரானால் ஜெர்மன், கணக்கரானால் அரபு, இயந்திரப் பொறியாளரானால் ஜப்பானியம் என்று இணைத்துக் கற்பது நலம். மூன்றே மாதத்தில் மொழியும் வேலையும் விசாவும் தருகிறோம் என்று விளம்பரம் செய்வோரிடம் நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிட வேண்டாம் என்று பெற்றோர்களை அன்போடு எச்சரிக்கின்றோம்.

செல்பேசியே மொழிபெயர்த்துவிடுகிறதே, இனி மொழி எதற்கு? இக்காலத்துக் கருவிகள் வியப்பூட்டும் அளவுக்கு முன்னேறியுள்ளன என்பதை மறுக்கவில்லை. கடைத்தெருவில் விலை கேட்க அவை போதும். ஆனால் கருவி சொன்னது சரியா என்பதை அறியவே மொழி தெரிந்த ஒருவர் வேண்டும். ஒப்பந்தத்தில் அரபு வாசகமே செல்லும் என்று சட்டம் கூறுகையில், கருவி பிழை செய்தால் இழப்பு நம்முடையதே. ஒரு மனிதரோடு அவருடைய மொழியில் பேசும்போது உண்டாகும் நெருக்கத்தையும் கருவியால் தர இயலாது.

பிறநாட்டுப் பண்பாட்டைப் படித்தால் பிள்ளைகள் வழிமாறிப் போய்விடமாட்டார்களா? இந்த அச்சத்தை நாம் இகழவில்லை. பெற்றவர்களுக்கு இயல்பான அச்சம் இது. எனினும் ஒன்றை நினைவூட்டுகின்றோம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அல்பிரூனி சமஸ்கிருதம் கற்று, இந்நாட்டு மக்களின் நம்பிக்கைகளையும் அறிவியலையும் விரித்துரைக்கும் பெருநூலை 1030-ஆம் ஆண்டையொட்டி எழுதினார். அதனால் அவருடைய மார்க்கம் குறைந்துவிடவில்லை. அவருடைய அறிவு பெருகியது. அயலாரை அறிவது வேறு, அயலாராகிவிடுவது வேறு. தன் வீட்டை நன்கு அறிந்த பிள்ளை அடுத்த வீட்டுக்குச் சென்றாலும் திரும்பி வரும். அவ்வீட்டை அறியச் செய்வது பெற்றோரின் பொறுப்பு.

பெண்பிள்ளைகளுக்கு எதற்கு? கடந்த ஆண்டு எம்மிடம் விண்ணப்பித்த ஒரேயொரு மொழி மாணவர் ஒரு பெண்பிள்ளையே என்பதுதான் எமது மறுமொழி.

எமது முன்மொழிவுகள்

ஜமாஅத் பெருமக்களே! பேசிக் கலைவதற்காக இவற்றைக் கூறவில்லை. நான்கு முன்மொழிவுகளை இப்பொதுக்குழுவின் முன் வைக்கின்றோம்.

முதலாவது, கல்வி நிதியின் விதிமுறையில் உள்ள 'தொழிற்கல்வி பயில்வோருக்கு மட்டும்' என்னும் சொற்களை நீக்கி, மொழிப் பட்டப்படிப்பு உள்ளிட்ட எல்லாப் பட்டப்படிப்புகளுக்கும் வறுமையையும் தகுதியையும் மட்டுமே கருதி உதவ வேண்டும்.

இரண்டாவது, ஓதுபள்ளியில் ஓதி முடித்த பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் பொருள் விளங்க அரபு கற்பிக்கும் வகுப்பு ஒன்றைத் தொடங்க வேண்டும். எழுத்து அரபை நம் உஸ்தாத் அவர்களும், பேச்சு அரபை வளைகுடாவில் பல ஆண்டுகள் இருந்து திரும்பிய நம் சகோதரர்களும் கற்பிக்கலாம். அவர்களின் அனுபவம் வீட்டுத் திண்ணையிலேயே வீணாகிவிடக் கூடாது. முதல் பாடமாக, உயிர்க்குறிகள் இல்லாத ஒரு பணி ஒப்பந்தத்தை வாசித்துப் பொருள் கூறக் கற்பிக்க வேண்டும் என்பது எமது விருப்பம். தம் கதையை எம்மிடம் கூறிய அச்சகோதரர், அவ்வகுப்பில் தாம் மாணவராகவும் ஆசிரியராகவும் இருக்கச் சம்மதித்திருக்கிறார்.

மூன்றாவது, வெளிநாடு செல்லும் எவரும் பிறமொழித் தாளில் கையெழுத்திடும் முன் அதன் படியை அனுப்பி விளக்கம் பெறுவதற்கு, அரபு அறிந்த ஆலிம்கள் இருவரைக் கொண்ட உதவிக்குழு ஒன்றை ஜமாஅத் அலுவலகத்தில் அமைக்க வேண்டும். ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும். அன்றே மறுமொழி கிடைக்க வேண்டும்.

நான்காவது, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நாம் நடத்தும் வழிகாட்டு நிகழ்ச்சியில், மொழிப் படிப்புகளையும் மத்தியப் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வையும் பற்றி விளக்குவதற்கு ஒரு மணி நேரத்தை ஒதுக்க வேண்டும்.

நிறைவாக ஒரு சொல். கடந்த ஆண்டு நாம் திருப்பி அனுப்பிய மாணவியின் தகப்பனாரிடம் எமது குழு நேரில் சென்று வருத்தம் தெரிவித்தது. அவர் எம்மை அமர வைத்துத் தேநீர் தந்தார். அம்மாணவி, வணிகவியல் பட்டத்தை முடித்த பின்னர் அரபு படிக்கும் எண்ணத்தை இன்னும் விட்டுவிடவில்லை என்று கூறினார். அவர் மீண்டும் விண்ணப்பிக்கும்போது விதிமுறைப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதை, அன்பிற்குரிய ஜமாஅத்தார்களே, தாங்கள் இன்று முடிவு செய்யுங்கள்.

நம் பிள்ளைகளுக்குப் பயன்தரும் கல்வியையும், அக்கல்வியைத் தடுக்காத நல்ல மனத்தை நமக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.